ஸுர்கா சாகிறானா, பிழைக்கிறானா? பிஸேயின் ‘முத்துக்குளிப்போர்’ ஓபராவின் பாடவரலாறு

கேள்வி இது: “பிஸேயின் ‘முத்துக்குளிப்போர்’ ஓபராவை இரண்டு ஒலிப்பதிவுகளில் கேட்டேன். நண்பர்கள் இருவரும் சேர்ந்து பாடும் புகழ்பெற்ற பாட்டு இரண்டிலும் வேறு வேறு விதமாக முடிகிறது. கடைசிக் காட்சியில் ஒன்றில் ஸுர்கா கொல்லப்படுகிறான், மற்றதில் உயிரோடு நிற்கிறான். இதில் எது பிஸே எழுதியது? கதை நடப்பது உண்மையிலேயே நம் மன்னார்க் கடலிலா?”

முதலில் நேரடியான விடை. மீனவர் தலைவன் ஸுர்கா உயிரோடு தனியே நிற்கும் முடிவுதான் இந்த ஓபராவுக்கு (இசை நாடகத்துக்கு) இசையமைத்த பிஸேயுடையது. அவன் சாகும் முடிவு, பிஸே இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறர் கையால் சேர்க்கப்பட்டது. உலகம் முழுவதும் பாடப்படும் அந்த நண்பர்கள் பாட்டின் கடைசிப் பகுதியும் அப்படித்தான். அதில் திரும்பி வரும் மெட்டு பிஸேயுடையது. ஆனால் அதை அந்த இடத்தில் திரும்ப வரவைத்தவர் பிஸே அல்லர். இலங்கையைப் பற்றிய கேள்விக்கு விடை சற்று நீளம். அதற்குக் கதை பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1863-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பாரிஸ் நகரின் தியேத்ர் லிரிக் அரங்கின் இயக்குநர் லெயோன் கர்வாலோ, இருபத்து நான்கு வயது ஜார்ஜ் பிஸேயிடம் ஒரு முழுநீள ஓபராவுக்கு இசையமைக்கும் பணியை ஒப்படைத்தார். இதன் பின்னால் ஓர் அரசு மானியம் இருந்தது. அமைச்சராக இருந்த வலேவ்ஸ்கி பிரபு, அந்த அரங்குக்கு ஆண்டுக்கு 1,00,000 பிராங்க் தர ஏற்பாடு செய்திருந்தார். ரோமில் தங்கிப் பயில வாய்ப்புத் தரும் ‘ரோமப் பரிசு’ பெற்ற இளம் இசையமைப்பாளர் ஒருவரின் மூன்று அங்க ஓபரா ஒன்றை ஆண்டுதோறும் புதிதாக மேடையேற்ற வேண்டும் என்பது நிபந்தனை. பிஸே 1857-இல் அந்தப் பரிசை வென்று, ரோமில் தங்கிப் பயின்று, 1860-இல் பாரிஸ் திரும்பியவர். வாய்ப்புக்காகக் காத்திருந்த அவருக்கு இது பெரிய கதவு. இந்த வாய்ப்புக்குத் தகுதி பெறவேண்டும் என்பதற்காகவே, வேறோர் அரங்கில் ஒத்திகையில் இருந்த ‘எமிரின் குஸ்லா’ என்ற தம்முடைய ஓரங்க ஓபராவை அவர் அவசரமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஏப்ரலில் பணி, செப்டம்பரில் அரங்கேற்றம். மூன்று அங்கங்களுக்கு ஏறத்தாழ நான்கே மாதம். இந்த அவசரத்தில் பிஸே தம் பழைய படைப்புகளிலிருந்து சில பகுதிகளை எடுத்துக்கொண்டார். ரோமில் இருந்தபோது 1858-இல் எழுதிய ‘தே தேயும்’ என்ற கிறித்தவத் துதிப்பாடலின் இசை, இந்த ஓபராவில் பிரம்மாவை வாழ்த்தும் கூட்டுப்பாடலாக மாறியது. ‘தோன் புரோகோபியோ’ என்ற அவருடைய இத்தாலிய நகைச்சுவை ஓபராவிலிருந்த ஒரு பகுதி, “பாடு, இன்னும் பாடு” என்று மீனவர்கள் கதைநாயகி லெய்லாவை வேண்டும் கூட்டுப்பாடலாயிற்று. இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. அக்கால ஓபரா உலகில் எல்லாரும் செய்ததுதான். ஆனால் பாடவரலாற்றை, அதாவது ஒரு படைப்பின் பாடம் காலந்தோறும் மாறிய கதையை, படிப்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை: ‘மூலம்’ என்று நாம் தேடிப்போகும் 1863-இன் வடிவமே பல வயதுடைய துண்டுகளால் ஆனது.

இனி, கதையை எழுதியவர்கள். யூஜின் கோர்மோன், மிஷேல் கரே என்ற இருவர். கரே சாதாரணமானவர் அல்லர். நான்கு ஆண்டுகளுக்கு முன் கூனோவின் ‘ஃபவுஸ்ட்’ ஓபராவுக்கு ஜூல் பார்பியேயுடன் சேர்ந்து எழுதியவர். கோர்மோனும் கரேயும் 1860-இல் மயார் என்ற இசையமைப்பாளருக்கு ‘கதானியா மீனவர்கள்’ என்ற ஓபராவை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது சிசிலித் தீவின் மீனவர்களைப் பற்றியது. மீனவர் கதை அவர்களுக்குப் பழக்கமான சரக்கு என்பது இதிலிருந்தே தெரியும். பிஸேக்கான புதிய நூலுக்கு முதலில் அவர்கள் நினைத்த களம் மெக்சிகோ. பிறகுதான் கதை இலங்கைக்கு இடம் மாறியது. அந்த மாதங்களில் மூன்றாம் நெப்போலியனின் படைகள் மெக்சிகோவில் போரிட்டுக்கொண்டிருந்தன. பாரிஸ் நாளேடுகளில் மெக்சிகோ தினமும் அடிபட்டது. களம் மாறியதற்குக் காரணம் அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு நூலைப் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நூலின் பெயரும் முதலில் ‘லெய்லா’ என்றுதான் இருந்தது. இடையிடையே பேச்சு வசனம் வரும் நாடகமாகத் திட்டமிட்டது, பிறகு தொடக்கம் முதல் இறுதிவரை பாடப்படும் ஓபராவாயிற்று.

மெக்சிகோவில் நடந்திருக்க வேண்டிய கதையைத் தூக்கி இலங்கையில் வைக்க முடிந்தது என்றால், அந்தக் கதையில் இலங்கை எவ்வளவு இருக்கும்? மிகக் குறைவு. நண்பர்களான நாதிர், ஸுர்கா, இருவரும் காதலிக்கும் பூசாரிப்பெண் லெய்லா, பூசாரி நூராபாத் ஆகியோரின் பெயர்களில் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. நாதிரும் லெய்லாவும் பாரசீக, அரபு நாடுகளின் பெயர்கள். கண்டி நகரின் பெயர் வருகிறது. ஆனால் கண்டியின் கோயிலில் ‘பிராமணர்கள்’ மக்களை வழிபாட்டுக்கு அழைக்கிறார்கள். புத்தர் எங்குமே இல்லை. முதல் அங்கத்தின் இறுதியில் லெய்லா பாடும் வேண்டுதலில் ஒரு வரி வருகிறது. பிரம்மாவை உலகின் தலைவனே என்று அழைத்தபின், அவள் சிவனை அழைக்கிறாள்: “வெண்மையான சிவையே, பொன்னிறக் கூந்தல் உடைய அரசியே!” பிரெஞ்சு மூலத்தில் சிவன் பெண்பாலாகவே இருக்கிறார். தேவாரம் காதில் விழுந்து வளர்ந்த ஒருவர் இந்த வரியை முதன்முறை படிக்கும்போது நிச்சயம் அதிர்ச்சி அடைவார். நானும் அடைந்தேன். ஆனாலும் அந்த வேண்டுதலுக்குப் பிஸே அமைத்த இசை, அந்தச் சொற்களை நான் மன்னிக்கும் அளவுக்கு அழகாக இருக்கிறது.

கதை வேறு ஓபராக்களுக்கும் கடன்பட்டது. கற்பு நோன்பு பூண்ட பூசாரிப்பெண், அந்த நோன்பை மீறிக் காதலிப்பது, மரண தண்டனை, கடைசி நேரத் தப்பித்தல் அல்லது தியாகம்: இந்தக் கட்டமைப்பை 1807-இல் ஸ்பொந்தினியின் ‘வெஸ்தால்’ ஓபராவிலும், 1831-இல் பெல்லினியின் ‘நோர்மா’விலும் பார்க்கலாம். கீழைநாட்டுக் களமும் அன்றைய பாரிஸின் மோகம். ஃபெலிசியன் டேவிட்டின் ‘லல்லா ரூக்’ ஓபரா முந்தைய ஆண்டுதான் மேடையேறியிருந்தது. பிஸேக்குப் பின்னும் மாசனேயின் ‘லாகூர் அரசன்’, டெலிபின் ‘லக்மே’ என்று அந்த வரிசை நீண்டது.

ஆனால் ஓரிடத்தில், எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ, இந்தக் கதை மன்னார்க் கடலின் உண்மை ஒன்றை உரசிப்போகிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கதைப்படி, முத்துக்குளிப்பு தொடங்குமுன் மீனவர்கள் முகத்திரை அணிந்த முன்பின் அறியாத கன்னிப்பெண் ஒருத்தியை அழைத்துவருகிறார்கள். கடலோரப் பாறையில் இரவும் பகலும் அவள் பாடி, தீய ஆவிகளை விரட்டி, நீருக்குள் இறங்குவோரைக் காக்க வேண்டும். நோன்பைக் காத்தால் கிடைக்கும் முத்துகளில் சிறந்தது அவளுக்கு; மீறினால் மரணம். இப்படி ஒரு கன்னிப்பெண் மன்னாரில் இருந்ததில்லை. ஆனால் முத்துச் சலாபத்தில், அதாவது கடலில் கூட்டமாக முத்துக்குளிக்கும் பருவத்தில், அதே வேலையைச் செய்த ஒருவர் இருந்தார். அவர்தான் ‘கடல்கட்டி’. சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்டவர். இலங்கையில் குடியேற்ற அரசின் செயலராகப் பணியாற்றிய எமர்சன் டென்னெண்ட் 1859-இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெரிய நூலில் கடல்கட்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கடல்கட்டியின் சடங்கு நடக்காமல் எந்தச் சலாபமும் தொடங்காது; அந்தப் பதவி பரம்பரையாக வருவது; அதன் வல்லமைக்கும் அவருடைய மதத்துக்கும் தொடர்பில்லை, தாம் எழுதும் காலத்தில் அந்தக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று அவர் குறிப்பிடுகிறார். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், அரபுக் குளிகாரர் எல்லாரும் ஒரே சலாபத்தில் கூடிய கடலுக்கு இது முற்றிலும் பொருந்துகிறது.

உண்மையான சலாபத்தையும் மேடைச் சலாபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். சிலாவத்துறை, அரிப்பு கரைகளில் பல்லாயிரம் பேர் கூடிய தற்காலிக நகரமே எழும். தோணிகள் விடியலுக்குமுன் புறப்படும். குளிகாரர் கல்லில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்துப் பாருக்கு (கடலடிச் சிப்பிப் படுகைக்கு) இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பார். எடுத்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்குப் போகும். சலாபத்தைக் கண்காணிப்பதற்கென்றே ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நார்த் அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாடு கடல் அரிப்பில் இன்றும் கரைந்துகொண்டிருக்கிறது. பிஸேயின் ஓபராவில் ஆங்கிலேயர் நிழல்கூட இல்லை. மீனவர்கள் தாங்களே கூடித் தங்கள் தலைவனாக ஸுர்காவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குளிகாரர் உழைப்பைப் பற்றியும் ஒன்றும் இல்லை. அரங்கேற்றத்தின்போது ‘பிகாரோ’ இதழின் விமர்சகர் பெஞ்சமின் ஜூவேன், நூலில் மீனவர்களும் இல்லை, இசையில் முத்துகளும் இல்லை என்று எழுதினார். முதற்பாதியில் அவர் சொன்னது நியாயம். இரண்டாம் பாதியைக் காலம் பொய்யாக்கிவிட்டது.

நூலின் முடிவு எழுதுபவர்களுக்கே தெளிவாக இல்லை. எப்படி முடிப்பது என்று கரே நச்சரித்ததில் சலித்துப்போன கர்வாலோ, “அதைத் தீயில் போடுங்கள்” என்று சொல்லிவிட்டதாகவும், கரே அதையே பிடித்துக்கொண்டு கூடாரங்களுக்குத் தீ வைத்துக் கதையை முடித்ததாகவும் ஒரு கதை உண்டு. பிஸேயின் திறமை முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு மோசமான நூலைக் கொடுத்திருக்கமாட்டோம் என்று நூலாசிரியர்கள் பின்னாளில் வருந்தியதாகவும் சொல்வார்கள். இவற்றை மெய்ப்பிக்க வழியில்லை. ஆனால் இவை நிலைத்ததற்குக் காரணம் உண்டு: கடைசிக் காட்சி எவர் கண்ணுக்கும் அவசரமாக ஒட்டப்பட்டதாகவே தெரியும். பின்னால் வந்தவர்கள் அதில் கைவைக்கத் துணிந்ததும் அதனால்தான்.

அரங்கேற்றம் செப்டம்பர் 14-இல் நடந்திருக்க வேண்டும். லெய்லாவாகப் பாடவிருந்த லெயோன்தீன் த மாசேனின் உடல்நலக் குறைவால் 30-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. மக்கள் கைதட்டி இசையமைப்பாளரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் வந்து நின்றார். அதுவே திமிர் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு ஓபரா பிடிக்கவில்லை. ஒருவர் மட்டும் வேறுமாதிரி எழுதினார்: இசையமைப்பாளரும் விமர்சகருமான எக்தோர் பெர்லியோஸ். உணர்ச்சியும் வண்ணமும் நெருப்பும் நிறைந்த அழகிய பகுதிகள் இதில் ஏராளம் என்று அக்டோபர் 8-ஆம் தேதி ‘ஜூர்னால் தெ தெபா’ இதழில் பாராட்டினார். அந்த இதழில் பெர்லியோஸ் எழுதிய கடைசி விமர்சனம் இதுதான். மோட்சார்ட்டின் ‘பிகாரோவின் திருமணம்’ ஓபராவோடு மாறி மாறி நடந்து, பதினெட்டுக் காட்சிகளோடு நவம்பர் மாதத்தில் நின்றுபோயிற்று. பிஸே உயிரோடு இருந்தவரை அது மறுபடி மேடையேறவே இல்லை.

இங்கிருந்துதான் பாடவரலாற்றின் சிக்கல் தொடங்குகிறது.

1863-இல் ஷூதான்ஸ் பதிப்பகம் குரலும் பியானோவும் மட்டும் கொண்ட பதிப்பு ஒன்றை அச்சிட்டது. பாடகர்கள் கற்றுக்கொள்ளவும் வீடுகளில் வாசிக்கவும் உதவும் பதிப்பு அது. எல்லாக் கருவிகளுக்குமான முழு இசைப்பிரதி அப்போது அச்சாகவில்லை. பிஸேயின் கையெழுத்துப் பிரதி பதிப்பகத்திடம் போய், பிறகு ஆய்வாளர்கள் காணக் கிடைக்காமல் மறைந்துவிட்டது. ஒரு நூலின் மூல ஏடு மறைந்து, அதன் சுருக்கம் மட்டும் அச்சில் எஞ்சினால் என்ன நடக்கும் என்பது தமிழ்ப் பதிப்பு வரலாறு தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1875 மார்ச் 3-இல் பிஸேயின் ‘கார்மென்’ ஓபரா அரங்கேறியது. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 3-இல், முப்பத்தாறு வயதில் பிஸே இறந்தார். சில ஆண்டுகளில் ‘கார்மென்’ உலகமெங்கும் பரவியது. பிஸே பெயரில் வேறு என்ன இருக்கிறது என்று அரங்குகள் தேடத் தொடங்கின. பதிப்பகத்தின் அலமாரியில் ‘முத்துக்குளிப்போர்’ கிடந்தது. 1886-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் இத்தாலிய மொழியில் உயிர்பெற்றது. அடுத்த ஆண்டு லண்டனின் கோவன்ட் கார்டனில் ‘லெய்லா’ என்ற பெயரில் வந்தது. 1889-இல் பாரிஸிலேயே இத்தாலிய மொழியில் பாடினார்கள். 1893 ஏப்ரலில் ஓபெரா கோமிக் அரங்கில் மறுபடியும் பிரெஞ்சில் மேடையேறியபோது, அந்த அரங்கின் இயக்குநர் முப்பது ஆண்டுகளுக்கு முன் அதைத் தொடங்கிவைத்த அதே கர்வாலோ.

இந்த ஏழெட்டு ஆண்டுகளில் ஷூதான்ஸ் திரும்பத் திரும்பத் திருத்திய பதிப்புகளை வெளியிட்டது. எதிர்க்க ஆசிரியர் உயிரோடு இல்லை. மேடைக்கு ‘எடுபடும்படி’ ஆக்குவதே நோக்கம். சில பகுதிகள் வெட்டப்பட்டன. கடைசி அங்கத்தில் லெய்லாவும் நாதிரும் பாடும் ‘புனித ஒளியே’ என்ற இருவர் பாட்டு, பெஞ்சமின் கொதார் என்ற இசையமைப்பாளர் கையால் ஸுர்காவும் சேர்ந்து பாடும் மூவர் பாட்டாக மாறியது. கொதார் திறமைசாலிதான். ஆனால் கேட்டுப் பார்த்தால், இசை அந்த இடத்தில் பிஸேயின் கையிலிருந்து நழுவுவது தெரியும். தமிழில் இதற்கு நமக்குச் சரியான சொல் இருக்கிறது: இடைச்செருகல்.

முடிவும் மாறியது. 1863-இல், விடியலைப் போல் சிவக்கும் வானம் உண்மையில் எரியும் குடியிருப்பு என்று ஸுர்கா ஓடிவந்து சொல்ல, மக்கள் குழந்தைகளைக் காக்க ஓடுகிறார்கள். நோன்பை மீறியதற்காக மரண தண்டனைக்குக் காத்திருந்த லெய்லா, நாதிர் ஆகிய காதலர்களின் விலங்கை அவன் உடைக்கிறான். தீ வைத்தது தானே என்கிறான். சிறுமியாக இருந்தபோது தன் உயிரைக் காத்த லெய்லாவுக்கு அவன் அளித்த கழுத்துமாலைதான் அவனை மாற்றியது. காதலர்கள் போய்விடுகிறார்கள். அவன் தனியே நிற்க, திரை விழுகிறது. அவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. திருத்திய பதிப்புகளில், பூசாரி நூராபாத் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் கேட்டு மீனவர்களிடம் காட்டிக்கொடுக்கிறான். ஒரு வடிவத்தில் ஸுர்காவை ஒரு மீனவன் குத்திக் கொல்கிறான். சாகும்போது நண்பர்கள் பாட்டின் மெட்டு ஒலிக்கிறது. வேறு வடிவத்தில் அவன் சிதையில் எரிக்கப்படுகிறான்.

என் மனம் முழுக்க 1863-இன் பக்கம். தன் கையால் தன் ஊரையே எரித்துவிட்டு, எந்தப் பெண்ணுக்காக நண்பனைக் கொல்லத் துணிந்தானோ அவளை அந்த நண்பனோடு அனுப்பிவைத்தவன், அந்த ஊரின் தலைவனாக விடியலை எதிர்கொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய தண்டனை கத்தியில் இல்லை. கொலை வந்தவுடன் அவன் கணக்கு தீர்ந்துவிடுகிறது. பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பிஸேயின் முடிவில் அப்படிப் போக முடியாது.

இனி, நீங்கள் கேட்ட நண்பர்கள் பாட்டு. முதல் அங்கத்தில் நாதிரும் ஸுர்காவும் நெடுநாள் கழித்துச் சந்திக்கிறார்கள். முன்பு கண்டிக் கோயிலில் முகத்திரை விலகிய ஒரு பெண்ணைப் பார்த்த கணத்தை இருவரும் நினைவுகூர்கிறார்கள். யாழ் அலையலையாக எழ, அதன்மேல் புல்லாங்குழலில் அந்த மெட்டு வருகிறது. அன்று இருவருமே அவள்மேல் காதல்கொண்டார்கள். நட்பு முறியும் நிலை வந்தது. அவளை மறப்பதென்று உறுதி எடுத்தார்கள். இன்று அந்த உறுதியைப் புதுப்பிக்கிறார்கள்.

1893 முதல் நமக்குப் பழக்கமான வடிவத்தில், உறுதி எடுத்தபின் அதே மெட்டு இரண்டு குரலிலும் இணைந்து திரும்பி வந்து பாட்டு முடிகிறது. யூசி பியோர்லிங்கும் ராபர்ட் மெர்ரிலும் பாடிய புகழ்பெற்ற ஒலிப்பதிவும் இப்படித்தான் முடியும். 1863-இல் மெட்டு திரும்புவதில்லை. ‘புனித நட்பே’ என்று தொடங்கும், விரைவான நடையுள்ள புதிய பகுதியில் பாட்டு முடிகிறது. அந்தப் பகுதி சாதாரணமானது என்று சொல்லும் அறிஞர்கள் பலர். அவர்கள் காது பிழையானதன்று; தனியே எடுத்துக் கேட்டால் அது அந்த மெட்டின் உயரத்தைத் தொடவில்லை.

ஆனால் சொற்களைப் பாருங்கள். 1863-இல் அவர்கள் பாடுவது: “புனித நட்பே, உடன்பிறப்புகளான எங்கள் உள்ளங்களை ஒன்றாக்கு.” 1893-இல் திரும்பும் மெட்டோடு வரும் சொற்கள்: “ஆம், அவளேதான், இன்று நம்மை ஒன்றாக்க வரும் தெய்வம்.” இரண்டிலும் ‘ஒன்றாக்குதல்’ இருக்கிறது. ஒன்றாக்குவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த மெட்டு அந்தப் பெண்ணின் மெட்டு. ஓபரா முழுவதும் லெய்லாவோடுதான் அது வாத்தியங்களில் திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்கிறது: அவள் கரையில் இறங்கும்போது, அவளை நாதிர் அடையாளம் காணும்போது, ஸுர்காவின் மனம் கலங்கும்போது. அது இந்த நண்பர்களைப் பிரித்த மெட்டு. இனியும் பிரிக்கப்போகும் மெட்டு. நட்பின் உறுதிக்கு வேறு இசை வேண்டும் என்று பிஸே நினைத்ததில் நாடக அறிவு இருக்கிறது. அவர்கள் அந்த மெட்டை விட்டு விலக முயல்கிறார்கள். அது அவர்களை விடுவதில்லை. நட்பின் உறுதியையே அந்த மெட்டில் பாடவைத்துவிட்டால் காதுக்கு விருந்து; கதைக்கோ அடிப்படை ஆடிப்போகிறது.

இவ்வளவு சொன்னபிறகும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதன்முதலில் எனக்கு இந்த ஓபராவின் மேல் பற்று வந்தது 1893-இன் முடிவைக் கேட்டுத்தான். அதைக் கேட்டு உருகியவர்களிடம் போய் ‘இது போலி’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒவ்வொரு சுரமும் பிஸேயுடையது. இடம்தான் வேறொருவர் தேர்ந்தது.

1893-இன் வடிவம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆண்டது. 1916-இல் நியூயார்க்கின் மெட்ரோபொலிடன் அரங்கில் புகழ்பெற்ற பாடகர் கருசோ நாதிராகப் பாடியதும் அந்த மரபில்தான். மூன்றே காட்சிகள் நடந்தன. அதன்பின் முழு ஓபராவாக அந்த அரங்குக்கு அது திரும்ப ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. 1950-களில் வந்த நல்ல பிரெஞ்சு ஒலிப்பதிவுகளும் திருத்திய பாடத்தையே பின்பற்றின. பலருக்கு வேறொரு பாடம் இருப்பதே தெரியாது.

மீட்பு 1970-களில் தொடங்கியது. 1973-இல் வெல்ஷ் நேஷனல் ஓபரா நிறுவனம் 1863-இன் குரல்-பியானோ பதிப்பைக் கையில் எடுத்தது. வெட்டப்பட்டிருந்த பகுதிகளுக்கு முழு இசைக்குழுவின் பிரதி இல்லாததால், அவற்றுக்கு ஆர்தர் ஹம்மண்ட் புதிதாகக் கருவியிசை அமைத்தார். 1977-இல் ஜார்ஜ் பிரேத் நடத்திய ஒலிப்பதிவும் 1863-ஐ நோக்கித் திரும்பியது. ஆயினும் ஒரு குறை இருந்தது: எந்த இடத்தில் எந்தக் கருவி என்று பிஸே நினைத்தார்? பியானோ பதிப்பு அதைச் சொல்லாது.

அதற்கு விடை பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருந்தது. 1863-இல் இசைநடத்துநர் பயன்படுத்திய சுருக்கப் பிரதி அங்கே பாதுகாக்கப்பட்டிருந்தது. முழுப்பிரதி அன்று, ஆனால் இங்கே இன்ன கருவி, அங்கே இன்ன கருவி என்ற குறிப்புகள் அதில் உண்டு. பின்னாளில் அச்சான முழுப்பிரதியில் மாறாமல் எஞ்சிய பகுதிகள், 1863-இன் பியானோ பதிப்பு, இந்த நடத்துநர் பிரதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு பிராட் கோஹன் ஒரு பதிப்பை உருவாக்கினார். 2002-இல் பீட்டர்ஸ் பதிப்பகம் அதை வெளியிட்டது. பின்னர் பெர்லியோஸ் ஆய்வில் பெயர்பெற்ற ஹியூ மக்டொனால்டு, பேரன்ரைட்டர் பதிப்பகத்துக்காக மற்றொரு ஆய்வுப் பதிப்பைத் தயாரித்தார். பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வேலையின் அருமை உடனே புரியும். மூல ஏடு இல்லாமல், அதன் நிழல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உருவத்தை வரைவது.

இன்று அரங்குகள் என்ன செய்கின்றன? பெரும்பாலும் ஒரு சமரசம். 1863-இன் பாடத்தை எடுத்துக்கொண்டு, நண்பர்கள் பாட்டை மட்டும் 1893-இன் முடிவோடு பாடுகிறார்கள். மெட்டு திரும்பாவிட்டால் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள் என்ற அச்சம். எனக்கு இது உவப்பில்லை. முழு ஓபராவை 1863-இன்படி பாடுபவர்கள் அந்த ஐந்தாறு நிமிடங்களிலும் பிஸேயை நம்பலாம். விரும்பினால் காட்சி முடிந்தபின் மற்ற முடிவைத் தனியே பாடட்டும்.

உங்களிடம் உள்ள இரண்டு ஒலிப்பதிவுகளில் எது எந்தப் பாடம் என்று அறிய மூன்று இடங்களைக் கேட்டால் போதும். நண்பர்கள் பாட்டின் கடைசி நிமிடத்தில் புல்லாங்குழலில் வந்த மெட்டு இரு குரலிலும் திரும்பினால் அது 1893-இன் முடிவு. ‘புனித ஒளியே’ என்ற பாட்டில் ஸுர்காவின் குரலும் சேர்ந்தால் அது கொதாரின் கை. கடைசியில் நூராபாதும் மீனவர்களும் ஸுர்காவைச் சூழ்ந்தால் திருத்தப்பட்ட முடிவு. முழு 1863-இன் பாடத்தைத் தொடக்கம் முதல் கேட்க விரும்பினால், அலெக்சாந்தர் பிளோக் நடத்த லீல் நகரத் தேசிய இசைக்குழுவுடன் ஜூலி ஃபுக்ஸ், சிரில் துபுவா, ஃப்ளோரியன் செம்பே பாடிய 2018-ஆம் ஆண்டு வெளியீட்டைப் பரிந்துரைக்கிறேன். அதில் முதல் அங்கத்தில் நாதிர் தனியே பாடும் ‘இன்னும் கேட்பதுபோல்’ என்ற பாட்டையும் தவறவிடாதீர்கள். அந்தப் பாட்டைப் பற்றிப் பதிப்புகளுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை. குரலோடு ஆங்கிலக் கொம்பு என்னும் துளைக்கருவி தணிந்து நடக்க, எல்லாப் பதிப்புகளும் ஒத்துப்போகும் பிஸே அங்கே கேட்கிறார்.